பொட்டு வைத்த பெட்டியும் திரும்பிக்கொண்ட கண்ணாடியும்

கொதிகலன் பார்க்கப் போனேன். கொதித்தது அக்கா, கலங்கியது நான். இப்படி ஒரே வரியில் எழுதி முடித்துவிடத்தான் ஆசை. ஆனால் எங்கள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவர்களில் பாதிப் பேர் ப்ராஜெக்ட்டுக்காக அந்த ஆலைக்குப் போகத் துடிக்கிறார்கள். எப்படிப் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, உள்ளே என்ன பார்க்கலாம் என்று தினமும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னால், ஒவ்வொரு முறையும் கதையில் நான் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவனாகிக்கொண்டே போகிறேன். அது எனக்கே தெரிகிறது. அதனால் ஒரே தடவை, நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்த வலைப்பதிவை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் லட்சணம் தெரியும். கல்லூரி நோட்டீஸ் போர்டில் "நாளை தண்ணீர் வராது, வழக்கமாகக் குளிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம்" என்று எழுதி ஒட்டியவன் நான்தான். புதிதாக வந்திருப்பவர்களுக்கு: பெயர் கௌதம், வயது பதினேழு, ஊர் நீலசந்திரா, வேலை வம்பு.

போனது இந்த வருட ஆயுத பூஜையன்று. ஆனேக்கல் பக்கத்தில் மரத்துண்டுகளை எரித்து மின்சாரம் எடுக்கும் ஒரு சின்ன ஆலை இருக்கிறது. என் அக்கா வனிதா அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பொறியாளர். விறகைக் குறைப்பதற்காக அவள் ஒரு வரிசை கண்ணாடி போட்டிருந்தாள். விஷயம் ரொம்பச் சுலபம். பச்சைத் தண்ணீரைக் கொதிகலனுக்குள் விட்டால், அதைச் சூடாக்குகிற வேலை முழுவதும் விறகின் தலையில் விழுகிறது. உள்ளே போவதற்கு முன்பே அந்தத் தண்ணீரை வெயிலில் சூடாக்கிவிட்டால், அந்த அளவுக்கு விறகு மிச்சம். பகலில் சூரியன் கைகொடுக்கும், ராத்திரி விறகு பார்த்துக்கொள்ளும்.

முதலாளி நாகராஜப்பா ஒரு வரிசைக்குத்தான் சம்மதித்திருந்தார். மீதி வரிசைகளுக்குப் பணம் போட வேண்டியவர் அவருடைய பங்குதாரர் ருத்ரேஷ். தும்கூரு பக்கம் இதே மாதிரி இரண்டு ஆலைகள் வைத்திருப்பவர். ஆயுத பூஜைக்கு விருந்தாளியாக வருகிறவருக்கு அன்றைக்கே சோதனை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. அவர் தலையாட்டினால் மற்ற வரிசைகளும் வரும், அக்காவின் வேலையும் நிரந்தரமாகும். ஆட்டாவிட்டால், அந்த மாதக் கடைசியோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அலங்காரத்துக்கு ஆள் வேணும், வாடா. ஆனா வாய வீட்ல வெச்சிட்டு வா," என்றாள்.

இனி பயணம். அக்கா விடியற்காலையிலேயே ஆலை வேனில் போய்விட்டாள். நான் ஆறரைக்குக் கிளம்பி, நீலசந்திராவிலிருந்து ஆடுகோடி வரை நடந்தேன். ஓசூர் ரோடில் போகும் பேருந்து எதில் ஏறினாலும் சரி, எலக்ட்ரானிக் சிட்டி தாண்டிப் போகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தாபுரம் வரை சுமார் இருபத்துமூன்று கிலோமீட்டர். சாதாரண நாளில் சில்க் போர்டு சந்திப்பிலேயே ஒரு தூக்கம் போடலாம். அன்று பண்டிகை என்பதால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டேன். பொம்மனஹள்ளியில் சாலை ஓரம் முழுக்க வாழைக்கன்றும் பூசணிக்காயும் மலையாகக் குவிந்து கிடந்தன. பாதிப் பூசணி விற்பனைக்கு, மீதிப் பாதி ஏற்கெனவே உடைந்து நடு ரோட்டில். பைக்கில் போகிறவர்கள் அன்று மட்டும் பேருந்தில் போவது எலும்புக்கு நல்லது.

சந்தாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோ. வழக்கமாக ஆளுக்கு முப்பது ரூபாய், அன்று நாற்பது. ஆலையின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "கட்டிகெ கரென்ட்" என்று சொல்லுங்கள், கன்னடத்தில் விறகு மின்சாரம். ஆட்டோக்காரர் முன் சக்கரத்துக்கு மாலை போட்டு, மடியில் ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு ஓட்டினார். பேச்சு தமிழ்தான், நடுநடுவே கன்னடம்.

"அங்க கண்ணாடி வெச்சிருக்காங்களாமே தம்பி? கரென்ட்டுக்கு விறகு வெச்சாங்க, சரி. இப்ப விறகுக்கு வெயில் வெக்கறாங்க. நாளைக்கு வெயிலுக்கு இன்னா வெப்பாங்க?"

"வெயிலுக்கு எங்க அக்காவ வெச்சிருக்காங்கண்ணா," என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பூசணிக்காய் மடியிலிருந்து நழுவப் பார்த்தது. அன்றைய தினத்தில் நான் சொன்ன நல்ல ஜோக் அது ஒன்றுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பிரதான சாலையில் இறங்கி, நீலகிரி மரங்களுக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் மண் பாதை. தமிழில் தைலமரம் என்போமே, அதேதான். எட்டரைக்கு வாசலில் நின்றேன். காவலர் தலைக்கவசம் கொடுத்தார். உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது வாசனை. மூக்கடைப்புக்குத் தடவும் தைலத்தை ஒரு ஊருக்கே தடவியது போல இருக்கும். இடது கைப்பக்கம் மரத்துண்டுக் குவியல், இரண்டு மாடி உயரம். அதிலிருந்து ஒரு பெல்ட் துண்டுகளைக் கொதிகலனின் வாய்க்குக் கொண்டுபோகிறது. ஊரில் எல்லா இயந்திரமும் ஆயுத பூஜைக்கு ஓய்வெடுக்கும். இங்கே முடியாது. கொதிகலனை அணைத்தால் மறுபடி சூடேற்ற ஒரு நாள் ஆகும். அதனால் ஓடுகிற இயந்திரத்துக்கே பூஜை.

கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் அன்வர் பாய். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் ஈரத்துண்டு.

"வா வா, வனிதா மேடம் தம்பியா நீ? உங்க அக்கா வந்ததுலருந்து எனக்கு வேல கம்மி, பயம் ஜாஸ்தி."

"பயம் ஏன் பாய்?"

"அரே, விறகு கம்மியா போதும்னா, நாளைக்கு ஆளும் கம்மியா போதும்னுவாங்க இல்ல?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "சும்மா சொன்னேன்பா. தண்ணி சூடா வந்தா இந்தப் பிசாசு எவ்ளோ சமத்தா இருக்கு தெரியுமா? கத்தறதே இல்ல. இன்னைக்கு நல்லபடியா நடக்கணும்."

கண்ணாடி வரிசை ஆலைக்குப் பின்னால் வெட்டவெளியில் இருக்கிறது. ப்ராஜெக்ட்காரர்களே, நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். பெரிய மூங்கிலை நீளவாக்கில் பிளந்து வானத்தைப் பார்க்கப் படுக்கவைத்த மாதிரி, நீளமாக வளைந்த கண்ணாடி. அதன் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு குழாய். கண்ணாடியில் விழுகிற வெயில் முழுவதும் அந்தக் குழாயில் ஒரு கோடாகக் குவிகிறது. அந்தக் கோடு வெள்ளைத் தீ போல எரியும், நேராகப் பார்க்காதீர்கள். குழாய்க்குள் போகிற தண்ணீர் அந்தக் கடைசிக்குப் போவதற்குள் தொட முடியாத சூடாகிவிடுகிறது. கண்ணாடி கொஞ்சம் திரும்பினாலும் போச்சு, கோடு குழாயை விட்டு விலகி வெட்டவெளியைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

"அப்போ சூரியன் நகர நகர யாரு திருப்பறது?" என்று கேட்டேன்.

அக்கா வரிசையின் நடுக்கம்பத்தைக் காட்டினாள். உச்சியில், கண்ணாடியோடு சேர்ந்து திரும்புகிற, டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. அதன் முகத்தில் கண்ணாடி போட்ட இரண்டு சின்னக் கண்கள், நடுவில் மூக்கு மாதிரி ஒரு தகடு.

"ரெண்டு கண்ணுக்கும் வெளிச்சம் சமமா இருந்தா சூரியன நேரா பாக்குதுன்னு அர்த்தம். ஒண்ணுக்கு அதிகமா வந்தா அந்தப் பக்கமா மோட்டார் திருப்பும். அவ்ளோதான்."

அவளே ஏணியில் ஏறி அந்தக் கண்களைத் துணியால் துடைத்தாள். இறங்கிவந்து எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "பூஜையில கண்ணாடி மேல மட்டும் யாரும் பொட்டு வெக்காதீங்க. ஸ்டாண்டுல வைங்க, மோட்டார்ல வைங்க, எங்க வேணா வைங்க. கண்ணாடி வேணாம்."

அவள் சொன்னது எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது.

ஒன்பதரைக்குப் பூஜை. பம்ப், வால்வு, மீட்டர், ஸ்பேனர், கம்ப்யூட்டர், முதலாளியின் கார், காவலரின் சைக்கிள், எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். அரை மணி நேரத்தில் அந்த ஆலையில் பொட்டில்லாத பொருளே இல்லை. ருத்ரேஷ் வந்துவிட்டதால் அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு குவியல் பக்கம் போனாள். போகும்போது சந்தனத் தட்டை என் கையில் கொடுத்து, "என் வரிசைக்கு நீ வெச்சிடு," என்றாள்.

வைத்தேன். கம்பம் கம்பமாக, ஒழுங்காக, கண்ணாடியில் ஒரு விரல்கூடப் படாமல் வைத்தேன். கடைசியில் ஏணி தெரிந்தது. ஏறினேன். பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்ததும் அதற்கு அப்படியே ஒரு முகம் வந்துவிட்டது. இரண்டு கண், ஒரு மூக்கு, நெற்றியில் பொட்டு. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கட்டைவிரலில் சந்தனத்தை அள்ளி இடது கண் மேல் அப்பினேன். பெட்டி கண்ணடித்தது. பூஜைக்காக மோட்டாரை நிறுத்தியிருந்ததால் கண்ணாடி அசையவில்லை. அக்கா சொன்னது கண்ணாடியைத்தானே, இது பெட்டியாயிற்றே என்று மனசுக்குள் ஒரு வக்கீல் வாதாடினான். அந்தக் கண்ணிலும் கண்ணாடிதான் இருக்கிறது என்பது வக்கீலுக்கும் தெரியும்.

போட்டோ எடுத்தேன். "வெயிலுக்கே கண்ணடிக்கும் வீரன்" என்று ஸ்டேட்டஸ் போட்டேன். துடைத்துவிட்டு இறங்க வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் கீழே பொரியும் கடலையும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சோதனை பத்தரைக்குத் தொடங்கியது. பக்கத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் விடுமுறை என்பதால் மின்சாரத் தேவை ஏறி இறங்காது, சுத்தமாகக் கணக்குப் பார்க்கலாம் என்பது அக்காவின் யோசனை. முதல் ஒரு மணி நேரம் கண்ணாடியைத் தரைப்பக்கம் கவிழ்த்துவைத்து, விறகிலேயே ஓட்டுவது. அடுத்த ஒரு மணி நேரம் கண்ணாடியோடு ஓட்டுவது. இரண்டிலும் மின்சாரம் ஒரே அளவு. மரத்துண்டு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் தீர்ந்தது.

பதினொன்றரைக்கு அக்கா சுவிட்சைப் போட்டாள். கண்ணாடி வரிசை மெதுவாக எழுந்தது. பார்க்க அழகாக இருக்கும், தூங்கி எழுந்த யானை மாதிரி. சூரியன் பக்கம் திரும்பியது. குழாயில் வெள்ளைக் கோடு வந்தது. நாகராஜப்பா கைதட்டினார். ஆனால் கண்ணாடி நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் திரும்பியது. கோடு குழாயின் ஓரத்துக்கு வந்து, வழுக்கி, காணாமல் போனது.

அக்கா நிறுத்தி மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே கதை, சூரியனைத் தாண்டிப் போய் நின்றது. ஏதோ கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி.

காலையில் ஈரமாக இருந்த சந்தனம் ஒன்றரை மணி நேர வெயிலில் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும் என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. என் சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஸ்டேட்டஸுக்கு வகுப்பு மொத்தமும் சிரிப்புப் பொம்மை அனுப்பிக்கொண்டிருந்தது.

அன்வர் பாய் கொதிகலன் பக்கமிருந்து கத்தினார்: "மேடம், தண்ணி பச்சையா வருது. பெல்ட்ட ஏத்தட்டுமா?"

"கொஞ்சம் இருங்க பாய்," என்றாள் அக்கா. குரல் அவளுடையதாகவே இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒயர்களைப் பார்த்தாள், மூடினாள். பிறகு மேலே அந்தப் பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். கீழிருந்து பார்த்தால் நெற்றிப் பொட்டு தெரிந்திருக்கும், கண்ணில் அப்பியது தெரிந்திருக்காது. ஆலை முழுக்கப் பொட்டு, அதில் இதுவும் ஒன்று. இருந்தாலும் அவளுக்கு என்னவோ உறுத்தியிருக்க வேண்டும். ஏணியை இழுத்துச் சாய்த்தாள். முதல் படியில் கால் வைத்தாள்.

ஏறினால் பார்த்துவிடுவாள். முதலாளி முன்னால், விருந்தாளி முன்னால், பார்த்துவிடுவாள். தட்டை வாங்கிக்கொண்டு போனவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, மேகம்," என்றேன். "மேல பாரு. மேகம் வந்திருக்கு. அதான்."

எல்லோரும் மேலே பார்த்தார்கள். சூரியனுக்குக் கொஞ்சம் தள்ளி, பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி ஒரு மேகம் இருக்கத்தான் செய்தது.

"ஹௌது, மோடா," என்றார் நாகராஜப்பா. ஆமாம், மேகம்தான் என்று. அவர் குரலில் ஒரு நிம்மதி. காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி.

அக்கா தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். படியிலிருந்து காலை எடுத்தாள். "சரி, போகட்டும், வெயிட் பண்ணலாம்," என்றாள்.

காத்திருந்தோம். மேகம் போனது. கண்ணாடி திரும்பவில்லை. இன்னொரு மேகம் தூரத்தில் வந்தது. ருத்ரேஷ் அதிகம் பேசாத மனிதர், பேசியதும் கன்னடம்தான், நான் தமிழில் எழுதுகிறேன். அவர் வாட்சைப் பார்த்துவிட்டு அக்காவிடம் பொறுமையாகச் சொன்னார்: "இதோ பாரம்மா, குறை சொல்லவில்லை. இத்தனூண்டு மேகத்துக்கே இது படுத்துவிடுகிறது. எங்கள் பக்கம் மழைக்காலம் முழுக்க வானம் மூடித்தான் இருக்கும். அங்கே இதை வைத்து நான் என்ன செய்வது?"

"இல்ல சார், ஏதோ..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். ஏதோ என்ன என்று அவளுக்கே தெரியாதே.

அன்வர் பாய் பெல்ட்டின் வேகத்தை ஏற்றினார். கொதிகலன் பழையபடி இரைய ஆரம்பித்தது. சாப்பாடு போட்டார்கள். எனக்கு என்ன போட்டார்கள் என்பது நினைவில்லை. சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் நான் விட்ட முதல் பயணக் கட்டுரை இதுதான்.

ஒன்றரைக்கு ருத்ரேஷின் கார் வாசலைத் தாண்டியது. தாண்டியதும் நான் பின்பக்கம் ஓடினேன். ஏணியில் ஏறி, எச்சில் தொட்டு, சட்டை நுனியால் அந்தக் கண்ணைத் துடைத்தேன். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. என் காலுக்குக் கீழே மோட்டார் முனகியது. கண்ணாடி வரிசை நிதானமாகத் திரும்பிவந்து, நின்றது. குழாயில் வெள்ளைக் கோடு, காலையில் போலவே.

கீழே பார்த்தேன். அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் கோட்டைப் பார்க்கவில்லை. என் சட்டை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "எறங்கு," என்றாள். இறங்கினேன். போனில் ஒரு எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினாள். "ருத்ரேஷ் சார். நீயே சொல்லு."

"அக்கா, நீ சொல்லேன்..."

"நான் வெக்கலையே."

ஒலிபெருக்கியில் போட்டாள். நான் கன்னடத்தில் சொன்னேன். சார், மிஷின்ல கோளாறு இல்ல, பூஜையில நான்தான் அந்தப் பெட்டியோட ஒரு கண்ணுல சந்தனம் அப்பிட்டேன், விளையாட்டுக்கு. அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு. சாதாரணச் சிரிப்பில்லை, காரில் இருந்தவர்களுக்கெல்லாம் திருப்பிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "கண்ணுக்கு கந்தமாம், கண்ணுக்கு!" என்று. கந்தம் என்றால் அவர்கள் பாஷையில் சந்தனம். எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். ஒருவர் எப்போது சிரிப்பை நிறுத்துவார் என்று காத்து நின்றது அன்றுதான்.

நிறுத்தினார். சிரித்து முடித்துக் கேட்டார்: "அப்படியானால் மேகம் என்று சொன்னது யார்?"

அக்கா என்னைப் பார்த்தாள். பின்னால் அன்வர் பாய் வந்து நின்றிருந்தார், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

"நான்தான் சார்."

"தெரிந்தே சொன்னாயா?"

"தெரிஞ்சேதான் சார்."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. "போனை அக்காவிடம் கொடு," என்றார்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. மேகம் காரணமில்லை என்று தெரிந்தது நல்லது. ஆனால் ஒரு பொட்டுக்குக் குருடாகிற பெட்டியை நம்பி அவரால் பணம் போட முடியாது. அவருடைய ஆலையில் வருடா வருடம் குங்குமத் தட்டோடு அறுபது பேர் நிற்பார்கள், அவர்களில் எத்தனை பேர் என்னைப்போல என்று யாருக்குத் தெரியும். பொட்டு வைத்தாலும் ஓடுகிற மாதிரி மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள், தீபாவளி கழித்து வந்து பார்க்கிறேன் என்றார். முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

நாகராஜப்பா அக்காவின் ஒப்பந்தத்தை மூன்று மாதம் நீட்டித்திருக்கிறார். நிரந்தரம் என்ற பேச்சை இப்போதைக்கு எடுக்கவில்லை. அக்கா அதன்பிறகு ராப்பகலாக உட்கார்ந்து வேறு வழி பண்ணிக்கொண்டிருக்கிறாள். எந்தத் தேதியில் எந்த மணிக்குச் சூரியன் எங்கே இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்தானே. இனி கண்ணாடியைத் திருப்புவது கடிகாரக் கணக்கு. பெட்டி வெறுமனே சரிபார்க்க மட்டும். பெட்டி ஒன்று சொல்லி கணக்கு வேறு சொன்னால், மணி அடித்து ஆளைக் கூப்பிடும். நம் ஊர் மிஷின் நம் ஊர்ப் பூஜையைத் தாங்க வேண்டும் என்பதில் ருத்ரேஷ் சொன்னது நியாயம் என்று அக்காவே சொல்கிறாள். "எப்படியும் என்னைக்காவது யாராவது வெச்சிருப்பாங்கதானே அக்கா," என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "ஆமா, வெச்சிருப்பாங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், கல்லூரிக் கடிதத்தோடு நான்கைந்து பேராகப் போங்கள். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் கண்ணாடி முழு வேகத்தில் வேலை செய்யும், அதற்குமுன் மரத்துண்டுக் குவியலையும் கொதிகலனையும் பார்த்துவிடலாம். மூடின ஷூ கட்டாயம், பருத்திச் சட்டை நல்லது, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். பக்கத்தில் கடை எதுவும் கிடையாது, சந்தாபுரத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். போக வர ஒரு ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும். பெண்களுக்கு அரசுப் பேருந்தில் டிக்கெட் காசு இல்லை, அதனால் இன்னும் குறையும். கண்ணாடியில் விரல் வைக்காதீர்கள். அன்வர் பாயிடம் பேசாமல் வராதீர்கள், கொதிகலன் சமத்தாக இருக்கிற சத்தத்துக்கும் கத்துகிற சத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று காதாலேயே கேட்கவைப்பார். கௌதமின் நண்பர்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஏணியை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

இங்கேயே முடிக்கலாம் என்று பார்த்தேன். திரும்பி வந்த பேருந்தைப் பற்றி எழுதாவிட்டால் மறுபடியும் கொஞ்சம் நல்லவனாகிவிடுவேன்.

ஐந்து மணிக்குச் சந்தாபுரத்தில் ஏறினோம். ஒரே ஒரு இருக்கை கிடைத்தது, அக்கா உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எலக்ட்ரானிக் சிட்டி தாண்டும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். நான் இரண்டு மூன்று முறை ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வாயில் வந்தது எல்லாம் ஜோக்காகவே வந்தது. விழுங்கிவிட்டேன்.

"பொட்டு வெச்சத கூட விடு," என்றாள், திரும்பாமலே. "மேகம்னு சொன்னியே, அப்போ கீழ பாத்தேன். என் நெழல் தரையில வெட்டி வெச்ச மாதிரி விழுந்துது. மேகம் மறைச்சா நெழல் அப்படி விழாதுடா. எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா ஏணியில ஏறல?"

நடத்துனர் எங்களைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தாள்.

"நீ சொன்னியேடா," என்றாள்.

பொம்மனஹள்ளியில் கூட்டம் இறங்கியது. அவள் பக்கத்து இருக்கை காலியானது. அக்கா காலடியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள். ஆடுகோடி வரும்வரை நான் நின்றுகொண்டேதான் வந்தேன்.